9 லட்சம் கி.மீ. ஓடிய லாரி எஞ்சின்: வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: சங்ககிரியில் சொந்த லாரி ஓட்டுகிறேன். 2013 மாடல் டாடா 2518, ஆறு சிலிண்டர் 5.9 லிட்டர் கம்மின்ஸ், பி.எஸ்.3 (பழைய புகை விதி). 9 லட்சம் கி.மீ. தாண்டிவிட்டது. எஞ்சினை இதுவரை இறக்கியதில்லை. இப்போது 400 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. மேட்டில் நீலப் புகை, பிரீத்தரில் (எஞ்சின் மூச்சுக் குழாயில்) பேக் கம்ப்ரெஷன், அதாவது உள்ளிருந்து காற்று அடிக்கிறது. ஒரு மெக்கானிக் ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினை முழுக்கப் பிரித்துத் தேய்ந்ததை எல்லாம் சரிசெய்யும் முழு வேலை பார்க்கச் சொல்கிறார். பழைய இரும்புக் கடையில் ஓடும் நிலையில் ஓர் எஞ்சின் இருப்பதாகத் தரகர் சொல்கிறார். எதைச் செய்ய?

பதில்: எஞ்சினை இறக்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தேய்ந்த எஞ்சினுக்கு உரியவைதான். ஆனால் எஞ்சினுக்கு வெளியே இருக்கும் இரண்டு பாகங்களும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

முதலாவது பிரேக்குக்குக் காற்று அடிக்கும் ஏர் கம்ப்ரெஸர். அதன் ரிங் தேய்ந்தால் காற்று எஞ்சினின் ஆயில் அறைக்குள் இறங்கி, பிரீத்தர் வழியாகப் பேக் கம்ப்ரெஷன் போலவே அடிக்கும். ஆயிலோ காற்றோடு சேர்ந்து டேங்குக்குப் போய்விடும். ஏர் டேங்க் வடிகாலைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். கறுப்பு ஆயில் தெறித்தால் உங்கள் ஆயிலில் ஒரு பங்கு போகும் வழி அதுதான். இரண்டாவது டர்போ. இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே லேசான ஆயில் பூச்சு இருப்பது இயல்பு, தேங்கி நின்றால் டர்போ சீல் போயிருக்கிறது. ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டும்போது சக்கரம் கூட்டில் உரசினால் சந்தேகமே வேண்டாம். கம்ப்ரெஸரையும் டர்போவையும் சரிசெய்தாலே ஆயில் செலவு பாதியாகக் குறைந்த லாரிகள் உண்டு.

இரண்டும் நன்றாக இருந்தால் அடுத்தது ஆயில் பிரஷர். டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலில்) நேரடியாக மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். இந்த எஞ்சினுக்குக் குறைந்தபட்ச அளவு ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. அதற்கும் கீழே போனால் கிராங்க் பக்கமும் பேரிங்கும் தேய்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ரிங் மட்டும் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துக் காந்தம் வைத்தும் பாருங்கள். ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் மின்னுவது பெரும்பாலும் பேரிங் உலோகம். அது தெரிந்த பிறகும் லோடு ஏற்றி ஓட்டினால், இன்று பேரிங் மட்டும் கேட்கும் எஞ்சின் நாளை கிராங்கையும் சேர்த்துக் கேட்கும்.

பிறகு ஆறு சிலிண்டருக்கும் காம்பிரஷன் எடுங்கள். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வு, ஹெட் கேஸ்கெட் அல்லது ஒரு பிஸ்டன். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருந்தால் போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருக்கிறது. கேஜ் கிடைக்காவிட்டால், ஸ்லோவில் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது ஓசை மாறவில்லை என்று கவனிக்கலாம். இது மெக்கானிக்கல் பம்ப் உள்ள உங்கள் எஞ்சினுக்கு மட்டும். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் நிற்கும் காமன் ரெயில் எஞ்சினில் ஒருபோதும் செய்யக்கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

ரேடியேட்டரில் ஆயில் மிதந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் வந்தாலோ உடனே ஹெட்டைக் கழற்றாமல் முதலில் ஆயில் கூலரைச் சோதியுங்கள். விலை குறைந்த பொருள், அடிக்கடி அதுதான் குற்றவாளி.

இனி ரிங் வேலை பற்றி. இந்த 5.9 எஞ்சினில் கழற்றி மாற்றும் லைனர் (சிலிண்டருக்குள் இறங்கும் தனிக் குழாய்) கிடையாது. பிஸ்டன் நேராகப் பிளாக்கிலேயே ஓடுகிறது. போர் மேலே அதிகமும் கீழே குறைவுமாகத் தேய்ந்திருக்கும். அந்தச் சரிவில் புது ரிங் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விரிந்து, கீழே வரும்போது சுருங்கும். சுவரில் சரியாகப் படியாது, சீக்கிரமே பழைய கதைதான். போர் அளவு விதிக்குள் இருந்தால் மட்டுமே ஹோனிங் செய்து (சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து) ரிங் போடலாம். 9 லட்சம் ஓடிய பிளாக்கில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. "ரிங் போதும்" என்பவரிடம் போர் அளவைக் கேளுங்கள். அளக்காமல் சொன்னார் என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

எஞ்சினை இறக்கியதும் எது சாத்தியம் என்பதை அளவுகள்தான் சொல்லும். போர் அசல் அளவு 102 மி.மீ., மேல் எல்லை 102.116. டயல் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகவும் அளக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். டேப்பர் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்) 0.076 மி.மீ., ஓவல் (குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ள வித்தியாசம்) 0.038 மி.மீ. தாண்டினால் போரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் கட்டாயம். அதற்கேற்ற பெரிய பிஸ்டனில் முதல் ஓவர்சைஸ் 0.5 மி.மீ., அடுத்தது 1 மி.மீ. அதையும் தாண்டினால் ஸ்லீவ் இறக்கலாம். உங்கள் எஞ்சின் திறக்கப்படாதது என்பதால் இரண்டு ஓவர்சைஸும் கையிருப்பில் இருக்கின்றன. உங்கள் பிளாக்கின் பெரிய மதிப்பு இதுதான். கிராங்கின் ஜர்னல்களில் (பேரிங்குக்குள் சுழலும் பகுதிகளில்) மெயின் ஜர்னல் 82.962, ராட் ஜர்னல் 68.962 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. போனால் 0.25 மி.மீ. படிகளில் 1 மி.மீ. வரை கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடலாம். கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் விரிசல் சோதனை வேண்டும். ஜர்னல் ஓர வளைவைக் கூராக வெட்டிவிட்டால் கிராங்க் அங்கேதான் முறியும். லேத்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிளாக்கைக் கைவிட வேண்டிய நிலைகள் சில உண்டு: கனெக்டிங் ராட் உடைத்து ஓட்டை போட்டிருப்பது, பேரிங் சுழன்று மெயின் இருக்கை நீலமாக வெந்திருப்பது, தண்ணீர் வழியில் விரிசல். ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே விரிசல் இருந்தால் ஹெட் மட்டும் போகும், எஞ்சின் அல்ல. இவை எதுவும் இல்லாவிட்டால் உங்கள் எஞ்சினை முழு வேலை பார்ப்பதே சரி. நான் இதில் உறுதியாக நிற்பேன்.

பணக் கணக்கைக் கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். கீழே உள்ளவை விளக்கத்துக்கான எண்கள், உங்கள் கொட்டேஷனை அந்த இடத்தில் வையுங்கள். முழு வேலை 3 லட்சம், 20 நாள் லாரி நிற்கும் இழப்பு 60,000, மொத்தம் 3.6 லட்சம். 4 லட்சம் கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 90 பைசா. ரிங் வேலை 90,000, எட்டு நாள் இழப்பு 24,000. 60,000 கி.மீ.தான் தாங்கியது என்றால் கி.மீ.க்கு 1 ரூபாய் 90 காசு. கம்பெனி ரீகண்டிஷன் எஞ்சினை எக்ஸ்சேஞ்சில் எடுத்தால் 5 லட்சம், ஐந்து நாள் இழப்பு 15,000, 5 லட்சம் கி.மீ.க்கு 1 ரூபாய் 3 காசு. முழு வேலைக்கு மிக அருகில் வருகிறது, பாருங்கள். நம்பகமான லேத் பக்கத்தில் இல்லாதவர்களுக்கும், பிளாக் போய்விட்டவர்களுக்கும் டாடாவின் புரோலைஃப் போன்ற எக்ஸ்சேஞ்ச் நல்ல வழி. விலையில் ஹெட், பம்ப், டர்போ அடங்குமா, நீங்கள் கொடுக்கும் பழைய எஞ்சின் எந்த நிலையில் இருந்தால் பிடித்தம் செய்வார்கள், வாரண்டி எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் லாரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பது இந்தக் கணக்கைப் புரட்டிப் போடும். மூன்று ஆண்டில் 1.8 லட்சம் கி.மீ. மட்டும் ஓட்டி விற்பதானால் முழு வேலையே கி.மீ.க்கு 2 ரூபாய் ஆகிறது. உங்கள் லாரிக்கு 2028-இல் 15 வயது. அதற்குப் பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணம் கணிசமாக ஏறும். டெல்லி லோடு ஏற்றுபவரானால், டெல்லியில் பதிவாகாத பி.எஸ்.3 சரக்கு லாரிகள் 2025 நவம்பர் 1 முதல் அங்கே நுழைய முடியாது. ஆகவே எஞ்சினைத் தொடுமுன் சேசிஸில் விரிசல், கிராஸ் மெம்பர் ரிவெட், கியர் பாக்ஸ், ஹவுசிங், பாடி ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சினோடு இவற்றின் செலவும் சேர்ந்து லாரியின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டினால், இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுவது நல்லது.

இரும்புக் கடை எஞ்சினை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் எஞ்சின் எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியும், அது எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வேறு வழியில்லை என்றால், அதை ஓடவிட்டுச் சூட்டில் ஆயில் பிரஷர் பார்த்து, ஆயில் பேனைக் கழற்றி ஒரு ராட் பேரிங்கையாவது பார்த்தபின் காசு கொடுங்கள். எஞ்சின் எண்ணை அடித்துத் திருத்திய தடம் இருந்தால் தொடவே வேண்டாம். பிளாக் மாறினால் எஞ்சின் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் பதிந்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு எண் குறிப்பிட்ட பில் வேண்டும், கடன் இருந்தால் ஃபைனான்ஸின் சம்மதக் கடிதமும் வேண்டும். இன்ஷூரன்ஸிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விபத்தில் கிளெய்ம் சிக்கும். சொந்தப் பிளாக்கையே வேலை பார்த்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

முழு வேலையில் விட்டுவிடக் கூடாத சில: போரிங், ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் மட்டும் கழுவினால் கல் தூள் போகாது. சோப்பும் சுடுதண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, துடைக்கும் வெள்ளைத் துணி அழுக்காகாத நிலை வரும்வரை கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்களில் ஒன்று அடைத்திருந்தாலும் புதுப் பிஸ்டன் சீஸாகும். முன்பக்க டைமிங் கேஸில் இருக்கும் டவல் பின் (பொருத்து ஊசி), அதிர்வில் கழன்று கியருக்குள் விழுவது இந்த எஞ்சினின் பழைய நோய். அதை மறித்து ஒரு தகடு வைத்துவிடச் சொல்லுங்கள். ஆயில் பம்ப், ஆயில் கூலர், தெர்மோஸ்டாட் மூன்றும் புதிதாக இருக்கட்டும். சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதால் எஞ்சின் குளிரிலேயே ஓடி ரிங்கும் போரும் வேகமாகத் தேய்கின்றன.

போர் ஏன் தேய்ந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள். ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் ஹோஸ் கிளாம்ப் எங்கோ விடுகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் போரைக் கொடுத்தால் அதுவும் அதே வழியில் போகும். நாசில்களைச் சோதனை மேசையில் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். சொட்டும் நாசில், சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

டேப்பட் (வால்வு) இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவில் ஆயில் ஊற்றி, டீசல் போகாமல் பிரஷர் ஏறும்வரை கிராங்க் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மணிக்கணக்கில் ஸ்லோவில் விடக்கூடாது, போர் பளபளத்து ரிங் படியாமல் போகும். அளவான லோடில், ஒரே வேகத்தைப் பிடிக்காமல் ஓட்டி, 1,000 கி.மீ.க்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டேப்பட்டை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.