இரண்டரை மாதக் குழந்தைக்குக் கண் விலகுகிறது: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம். நிறைமாதப் பிரசவம், எடையும் சரியாகவே இருந்தது. தூக்கக் கலக்கத்தில் சில நேரம் ஒரு கண் மட்டும் வெளிப்பக்கமாகப் போய்த் திரும்புகிறது. கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே நகர்த்தினால் பார்வை அதன் பின்னாலேயே சீராக வருவதில்லை, விட்டுவிட்டுத் துள்ளுகிறது. தொட்டிலில் பொம்மை கட்டியதால் வந்த மாறுகண் என்கிறார் மாமியார். மாறுகண் அதிர்ஷ்டம், விட்டுவிடு என்கிறார் அம்மா. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டுமே இந்த வயதில் சகஜம். நான்கு மாதம் முடிந்த பிறகும் கண் விலகினால், எப்போதாவதுதான் என்றாலும், கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தொட்டில் பொம்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதிர்ஷ்டத்துக்கும் இல்லை.

ஏன் நான்கு மாதம் என்று கேட்பீர்கள். கண்ணசைவு மொத்தமாக ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அந்த ஆறையும் மூன்று மூளை நரம்புகள் ஆட்டுவிக்கின்றன. மீன், தவளை, முயல், மனிதர் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அந்தத் தசைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைத்தான் மூளை படிப்படியாகக் கற்கிறது. உயிரினங்களில் மிகப் பழைய வேலை முதலில் வருகிறது, புதிய வேலை கடைசியில்.

மிகப் பழைய வேலை கண்ணை நகர்த்துவது அல்ல, பார்வையை நிலையாக நிறுத்துவது. இப்போதே சோதித்துப் பாருங்கள். இந்தத் திரையைப் பிடித்து இடவலமாக வேகமாக ஆட்டினால் எழுத்து கலங்கிப்போகும். திரையை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள், படிக்க முடியும். தலை திரும்பியதை உட்செவியின் அரைவட்டக் குழல்கள் உணர்ந்து, மூன்றே நரம்பணுக்கள் வழியாகக் கண் தசைக்குச் சொல்லிவிடுகின்றன. கண் எதிர்ப்பக்கம் திரும்ப நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். திரை ஆடுவதைப் பார்த்துப் பின்தொடரும் பாதை அதைவிடப் பல மடங்கு மெதுவானது.

இந்த வளர்ச்சியைப் பார்க்க ஆய்வாளர்களுக்குப் பிடித்த உயிர் ஜீப்ரா மீன். நம் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் அதே கோடு போட்ட குட்டி மீன்தான். அதன் குஞ்சு கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். முட்டை கருவுற்ற மூன்றாம் நாளை ஒட்டிக் கண் அசையத் தொடங்குகிறது. நான்காம் நாள், சுற்றிலும் வரிகள் வரைந்த உருளைக்குள் குஞ்சை வைத்து உருளையைச் சுழற்றினால், கண்கள் வரிகளோடு போய், சட்டென்று திரும்பி, மறுபடியும் வரிகளோடு போகின்றன. உடல் சாய்ந்தால் கண்ணை நிமிர்த்தும் அனிச்சையும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. அது உட்செவியிலுள்ள சிறு கல்லை நம்பியது. ஆனால் இருட்டில் அதே குஞ்சைக் கிடைமட்டமாகச் சுழற்றினால் கண் ஈடுகொடுப்பதில்லை. குழல்கள் இருக்கின்றன, நரம்பும் இருக்கிறது. குழலின் உட்புறம் அத்தனை குறுகலாக இருப்பதால் உள்ளேயுள்ள திரவம் போதுமான அளவு நகர்வதில்லை. குழல் அகலமாக ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கிறது. தவளையின் தலைப்பிரட்டைக்கும் இதே கதைதான். மூளை தயாரானாலும் கருவி வளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

உங்கள் மகளின் துள்ளல் பார்வைக்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். தலையை மெல்ல ஒரு பக்கம் திருப்பினால் கண் எதிர்ப்பக்கம் நகரும் அனிச்சை பிறக்கும்போதே இருக்கிறது. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் பச்சிளம் குழந்தைக்குத் தெரியும். என்ன, ஒரே தாவலில் போகாமல் சின்னச் சின்னதாகத் தாவும். நகரும் பொருளைச் சீராகப் பின்தொடர்வதுதான் தாமதம். அதற்கு விழித்திரையின் நடுவே கூர்பார்வைக் குழி வேண்டும். அந்தக் குழி இல்லாத முயலுக்கு அப்படிப் பின்தொடரும் திறன் ஏறக்குறைய இல்லவே இல்லை. நம் குழந்தைகளுக்குப் பிறக்கும்போது குழி அரைகுறை; முழுதாக முதிரப் பல ஆண்டுகள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரிய பொருளை, அதுவும் மெதுவாகப் போனால், பின்தொடர ஆரம்பிப்பார்கள். கிலுகிலுப்பையை விடுங்கள், சத்தம் கேட்டுத் திரும்பினாளா, பார்த்துத் திரும்பினாளா என்று தெரியாது. பால் குடித்து விழிப்பாக இருக்கும்போது, ஓர் அடி தூரத்தில் உங்கள் முகத்தைச் சத்தமில்லாமல் மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

கண் விலகுவது வேறு சங்கதி. இரு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டுமானால், இரண்டு பிம்பமும் பொருந்தவில்லை என்று மூளைக்குத் தெரிய வேண்டும். அந்தத் திறன் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் வருகிறது. அதுவரை சில நேரம் விலகத்தான் செய்யும். நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகினால் ஏன் தள்ளிப்போடக்கூடாது என்பதைப் பூனைக்குட்டிகளில் காட்டியவர்கள் ஹியூபெலும் வீசலும். 1981-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். குட்டிப் பருவத்தில் கண்ணை விலக வைத்தால், இரு கண்ணுக்கும் சேர்ந்து பதில் சொல்லும் மூளை அணுக்கள் வெகுவாகக் குறைந்துபோயின. குழந்தைகளிடம் விலகும் கண்ணை மூளை ஒதுக்கிவைத்துவிட்டால் அது பார்வை மங்கிய 'சோம்பேறிக் கண்' ஆகிறது. 'பெரியவளானால் சரியாகிவிடும்' என்று வருடக்கணக்கில் விடுவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

சில அறிகுறிகளுக்கு நான்கு மாதக் கணக்கே கிடையாது. ஒரு கண் எப்போதுமே விலகி நிற்பது, இரண்டு கண்ணும் ஓயாமல் ஆடுவது, மூன்று மாதம் ஆகியும் முகம் பார்க்காதது, ஒரு கண் வெளிப்பக்கம் போகவே முடியாமல் தலையைத் திருப்பிப் பார்ப்பது – இவற்றில் எது இருந்தாலும் உடனே போங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அடுத்த நாளுக்குக்கூடத் தள்ள வேண்டாம். கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை முதல் மாதத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மூக்குத் தண்டு தட்டையாக இருக்கும் குழந்தைகளுக்கு மாறுகண்போலத் தோன்றுவதும் உண்டு. டார்ச் வெளிச்சத்தை இரண்டடி தள்ளி நேராகக் காட்டி, இரண்டு கண்மணியிலும் ஒரே இடத்தில் ஒளிப்புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். கண் விலகும் நேரத்தில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் குழந்தைகள் பெரும்பாலும் கண்ணை ஒழுங்காகத்தான் வைத்திருப்பார்கள்.