அமெரிக்கப் புறநகர்க் குடியிருப்புகளுக்குள் சின்னக் கடைகளை அனுமதித்தால் நல்லதா, தொல்லையா?

அனுமதிக்கலாம் என்பது என் கட்சி. நான் குடியிருப்பது நியூ ஜெர்சியில், மிடில்செக்ஸ் கவுண்டியில் ஒரு டவுன்ஷிப். அதனால் கீழே சொல்லும் சட்டதிட்டம் பெரும்பாலும் இந்த மாநிலத்தினுடையது. மற்ற இடங்களில் விவரம் கொஞ்சம் மாறும், பிரச்சினை அதேதான்.

கேள்வியில் "அனுமதித்தால்" என்று இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. கடைகள் எப்போதோ உள்ளே வந்துவிட்டன. எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் "இட்லி மாவு ஆர்டர் க்ளோஸ் பண்றேன், வேறு யாருக்கு வேணும்?" என்று ஒரு செய்தி வரும். வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டுக் கராஜ் கதவு பாதி தூக்கியிருக்கும். உள்ளே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, அதில் தயிர் டப்பாக்களில் மாவு, ஒவ்வொரு மூடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் பெயர். நம் பெயர் ஒட்டிய டப்பாவை எடுத்துக்கொண்டு, ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவையில் பணத்தைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். தீபாவளிக்கு முன்னால் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மெண்டில் காஞ்சிபுரம் பட்டு விரித்திருக்கும். சனி, ஞாயிறு பரதநாட்டியம், மிருதங்கம், அபாகஸ். மாடியில் ஒரு அறையில் ஐப்ரோ த்ரெடிங். இவற்றையெல்லாம் யாரும் கடை என்று சொல்வதில்லை. பெயர்ப்பலகை இல்லை, தெருவைப் பார்த்த கதவு இல்லை, பாதிக்கு மேல் அனுமதியும் இல்லை. மற்றபடி எல்லாம் கடைதான்.

சட்டமும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துக்கொண்டுதான் வருகிறது. வீட்டு அடுப்பில் செய்த கேக், பிஸ்கட்டை விற்கக் கடைசி வரை அனுமதிக்காமல் இருந்த மாநிலம் நியூ ஜெர்சி. 2021 அக்டோபரில்தான் இறங்கி வந்தது. இப்போது அனுமதிச்சீட்டு வாங்கி ஆண்டுக்கு 50,000 டாலர் வரை விற்கலாம். ஆனால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய பண்டத்துக்கு அதில் இடமில்லை. ஆக முறுக்கு பிழைத்தது, மாவு மாட்டிக்கொண்டது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், கவுண்டி சம்மதித்தால் வீட்டுச் சமையலறையையே சிறு உணவகமாக நடத்தலாம் என்று 2018இல் சட்டம் போட்டது. அதை முதலில் எடுத்துக்கொண்டது ரிவர்சைடு கவுண்டி. ஃப்ளோரிடா 2021இல், வீட்டிலிருந்து தொழில் செய்வதை ஊராட்சிகள் தடுக்கவே கூடாது என்றது. தெருவிலிருந்து பார்த்தால் வீடு வீடாகத் தெரிய வேண்டும், வெளியாள் இரண்டு பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு.

எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி டேகேர். ஐந்து குழந்தைகள் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பதிவுபெற்ற குழந்தைக் காப்பகத்துக்கு நியூ ஜெர்சியின் எல்லாக் குடியிருப்பு மண்டலங்களிலும் அனுமதி உண்டு, மாநிலச் சட்டமே அப்படி. காலை ஏழரைக்கு வரிசையாகக் கார், அழுகை, மறுபடி சாயங்காலம் கார். ஒரு காபிக் கடையைவிட இது எந்த விதத்தில் அமைதி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கே தேவைப்படுகிறது.

பிறகு ஏன் மளிகைக்கும் முடிவெட்டுக்கும் மட்டும் இந்தத் தீண்டாமை? அதற்கு 1926க்குப் போக வேண்டும். ஒஹாயோவில் கிளீவ்லாண்ட் பக்கத்தில் யூக்ளிட் என்ற ஊர். அங்கே ஆம்ப்ளர் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனி 68 ஏக்கர் வைத்திருந்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர், குடியிருப்பு என்று ஊர் வரையறுத்தால் 2,500தான் என்பது கம்பெனியின் கணக்கு. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், ஊர் ஜெயித்தது. "கொட்டிலில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்தது போல, சரியான பொருளே தப்பான இடத்தில் இருந்தால் தொல்லைதான்" என்று நீதிபதி சதர்லாண்ட் எழுதினார். அதே தீர்ப்பில் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றும் எழுதியிருக்கிறார். இதற்குப் பிறகு நாடு முழுக்க ஊர்கள் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் ஆலை என்று வண்ணம் அடிக்க ஆரம்பித்தன. சண்டை தொழிற்சாலையைப் பற்றி, அடிபட்டது மூலைக்கடை.

பழைய ஊர்களில் அந்த மூலைக்கடைகளின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். தெருமுனையில் ஒரு வீடு, அதன் மூலை மட்டும் சாய்வாக வெட்டி அங்கே வாசல், கீழ்த்தளத்தில் வீட்டுக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்குள் திரை போட்டு யாரோ குடியிருப்பார்கள். இப்படி இடம் பிரிக்கும் மண்டலச் சட்டத்துக்கு (ஸோனிங்) முந்திய கடை என்பதால் நடக்கும் வரை விட்டு வைத்திருப்பார்கள். நடத்தியவர் கைவிட்டுக் கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தால் பல ஊர்களில் அந்த உரிமை போய்விடும். பிறகு அது வீடு மட்டுமே.

எங்கள் மாநிலத்துக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. 1929இல் ஃபேர் லான் ஊரில் ராட்பர்ன் என்று "மோட்டார் யுகத்துக்கான ஊர்" ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். முட்டுச்சந்துகளாகத் தெருக்களைப் போட்டு, பின்பக்கம் நடைபாதையும் பூங்காவும் வைத்து, நடந்துபோகிற தூரத்தில் கடைக் கட்டடம் ஒன்றும் கட்டினார்கள். பின்னால் வந்த பில்டர்கள் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நடைபாதையும் கடையும் செலவாயிற்றே!

சரி, இன்று எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவர் தன் வீட்டின் முன்னறையில் முறையாக ஒரு சின்னக் கடை வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டலத்தில் அனுமதியில்லாத பயன்பாடு என்பதால் அவர் ஊரின் ஸோனிங் போர்டிடம், அதாவது மண்டல விதிகளுக்கு விலக்குத் தரும் குழுவிடம், விலக்குக் கேட்க வேண்டும். 200 அடிக்குள் இருக்கும் எல்லாச் சொத்து உரிமையாளர்களுக்கும் பத்து நாளுக்கு முன்பே நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பொது அறிவிப்பும் வெளியிட வேண்டும். வக்கீல், பிளானர் (நகரமைப்பு நிபுணர்) என்று ஆள் பிடிக்காமல் இதில் ஜெயிப்பது கஷ்டம். போர்டில் ஏழு பேர், அவர்களில் ஐந்து பேர் ஆம் என்று சொல்ல வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை, அதாவது நாலு ஓட்டு, போதாது. மாவு விற்றுச் சம்பாதிக்கிற பணம் இந்தக் கூட்டத்துக்கே சரியாகப் போகும். சாலையோரக் கடை வரிசையான ஸ்ட்ரிப் மாலில் இடம் எடுக்கிற சங்கிலிக் கடைக்கு இந்தத் தலைவலி கிடையாது, அங்கே கடை என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

"போர்டே பார்த்து நல்ல கடைக்கு மட்டும் கொடுக்கட்டுமே" என்று சிலர் நியாயமாகவே கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1880இல் ஒரு சட்டம் போட்டார்கள்: மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த ஊர் அதிகாரிகளின் அனுமதி வேண்டும் என்று. தீ விபத்தைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள், படிக்க நியாயமாகத்தான் இருக்கும். சுமார் 200 சீனர்கள் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாத 80 பேர் சொச்சம் விண்ணப்பித்தார்கள், ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. 1886இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இன்று யாரும் அவ்வளவு பச்சையாகச் செய்ய மாட்டார்கள்தான். ஆனால் தாளிக்கிற வாசனையைப் பற்றி ஸோனிங் போர்டில் யாராவது "கேரக்டர் ஆஃப் தி நெய்பர்ஹுட்" (அக்கம்பக்கத்தின் இயல்பு) என்று ஆரம்பித்தால் எனக்கு அந்தச் சலவைக்கடைகள்தான் ஞாபகம் வரும். வெள்ளையோ பழுப்போ, யார் கேட்டாலும் விதிக்குள் இருந்தால் கவுண்டரிலேயே அனுமதி கொடுத்துவிட வேண்டும்.

விதி எப்படி இருக்கலாம் என்றால், ஜப்பானைப் பாருங்கள். அங்கே இருக்கிற மண்டலங்களிலேயே மிகக் கறாரானது, தாழ்ந்த வீடுகள் மட்டுமே வரக்கூடிய குடியிருப்பு மண்டலம். அதில்கூட வீட்டோடு சேர்ந்த கடைக்கு இடம் உண்டு. கடை 50 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, கட்டடப் பரப்பில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். 50 சதுர மீட்டர் என்றால் 540 சதுர அடி. நம் இரண்டு கார் கராஜ் 400 சதுர அடி சொச்சம். ஆகக் கராஜ் அளவுக் கடை, மேலேயோ பின்னாலேயோ முதலாளி குடியிருக்கிறார். இரவு பத்து மணிக்கு அவர் கடையில் சத்தம் போட்டால் அவர் குழந்தைக்குத்தான் முதலில் தூக்கம் கெடும். இதைவிட நல்ல கண்காணிப்பு எந்த டவுன்ஷிப் இன்ஸ்பெக்டராலும் முடியாது.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தி. நகர் மாதிரி ஆகிவிடாதா?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, வீடுகளுக்கென்று திட்டமிட்டுப் போட்ட புறநகர் அது. இன்று ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. ஆனால் அந்தத் தெருவை அப்படி ஆக்கியது வீட்டுத் திண்ணையில் இருந்த பெட்டிக்கடை இல்லை. பக்கத்திலேயே ரயில் நிலையம், மாடிக்கு மேல் மாடி வைத்த பெரிய ஜவுளிக்கடைகள், பாத்திரக்கடைகள். அளவுக்கு உச்சவரம்பு வைத்து அதைக் காப்பாற்றினால் அந்த நிலை வராது. வரம்பை எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் வரும், அதையும் மறுக்கவில்லை.

அடுத்தது பார்க்கிங். கடைக்கு அனுமதி என்று சட்டம் போட்டுவிட்டு பார்க்கிங் விதியில் கழுத்தை நெரிப்பது இங்கே வழக்கம். உணவகம் என்றால் 100 சதுர அடிக்கு ஒரு கார் நிறுத்தம் என்று பல ஊர்களில் கேட்பார்கள். நம் 540 சதுர அடிக் கடைக்கு ஐந்தோ ஆறோ வேண்டும். கார் நிற்க, திரும்ப எல்லாம் சேர்த்து ஒன்றுக்குச் சுமார் 300 சதுர அடி. கடையைப் போல மூன்று மடங்கு தார் போட வேண்டும், புல்தரை காலி. நடந்து வருகிறவர்களுக்காகத் திறக்கிற கடைக்கு இது என்ன கணக்கு? பஃபலோ 2017இலும் ஆஸ்டின் 2023இலும் இந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டன.

கடைகள் பிழைக்குமா என்பதில்தான் எனக்கு உண்மையிலேயே சந்தேகம். ஐந்து நிமிட நடை என்பது சுமார் 400 மீட்டர். அந்த வட்டத்துக்குள் 124 ஏக்கர் வரும். ஏக்கருக்கு நாலு வீடு வைத்தால் 500 வீடு. ஆனால் முட்டுச்சந்துகளில் காக்கை பறக்கிற தூரம் யாருக்கும் வாய்க்காது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்குப் போக அரை மைல் சுற்ற வேண்டும். ஆக நிஜத்தில் அதில் பாதி வீடு கிடைத்தாலே அதிர்ஷ்டம். அத்தனை வீட்டை நம்பி முழு மளிகைக்கடை நடத்த முடியாது. பாலும் கொத்தமல்லியும் மறந்து போனவர்கள் நாலு பேர் வருவார்கள், மாதச் சாமான் எல்லாம் காஸ்ட்கோவிலும் இண்டியன் ஸ்டோரிலும்தான் வாங்குவார்கள். முடிவெட்டு, தையல், காபி, சைக்கிள் ரிப்பேர், ட்யூஷன், மாவு, வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணி: இந்த மாதிரித் தொழில்கள் நிற்கும். வாடகை கிடையாது என்பதுதான் இவர்களுடைய மூலதனம். நடைபாதை இல்லாத தெருவில் அதுவும் சிரமம். பனிக்காலத்தில் சாலையோரம் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேப் (மின்சிகரெட்), மது இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குப்பை லாரி, சரக்கு லாரிக்கு நேரம் வைக்கலாம், ஒளிரும் பலகைக்குத் தடை போடலாம். வீட்டு விலை இறங்கும் என்ற பயத்துக்கு என்னிடம் ஒரே பதில்தான்: இந்த மாநிலத்தில் வீடு தேடுகிறவர்கள், நடந்துபோய் காபி குடிக்கக்கூடிய பழைய ரயிலடி ஊர்களுக்கு எப்படிப் போட்டி போடுகிறார்கள் என்று எந்த ஏஜெண்டையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் டவுன்ஷிப் ஃபேஸ்புக் குழுவில் "நம் தெருவில் வியாபாரம் கூடாது" என்று பக்கம் பக்கமாக எழுதுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாவு டப்பாவில் அவர் பெயரையும் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன், வேறென்ன செய்வது.

நீங்களே வீட்டில் ஏதாவது தொடங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், டவுன்ஷிப் சட்டத்துக்கு முன்னால் உங்கள் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ஊர் அனுமதித்தாலும் அதில் வியாபாரம் கூடாது என்று எழுதியிருந்தால் அது தனி வில்லங்கம், அதை மாற்ற வீட்டு உரிமையாளர்களின் ஓட்டைத் திரட்ட வேண்டும். ஹெச்ஓஏ இல்லையென்றால் டவுன்ஷிப் இணையதளத்தில் ஸோனிங் சட்டத்தில் "ஹோம் ஆக்குபேஷன்" (வீட்டுத் தொழில்) என்ற பகுதியைப் பாருங்கள். எத்தனை சதவீதப் பரப்பு, எத்தனை ஆள், வாடிக்கையாளர் வரலாமா என்பதெல்லாம் அங்கே இருக்கும். சட்டத்தையே மாற்ற வேண்டுமென்றால், நியூ ஜெர்சியில் ஒவ்வொரு ஊரும் பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தன் மாஸ்டர் பிளானை (ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டம்) மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எதிர்க்க வருகிறவர்கள்தான். உங்கள் ஊரில் அடுத்தது எப்போது என்று பிளானிங் போர்டு செயலரைக் கேட்டால் சொல்வார்கள்.