மறு: புது கணினிகளில் மட்டும் 'பெர்மிஷன் டினைட்'

திருமங்கலம் கல்லூரி லேபில் பழைய உபுண்டு கணினிகள் ஒழுங்காக ஓடுகின்றன. புதிதாகப் போட்ட நாலில் மட்டும் மாணவர்களுக்குத் தங்கள் ஃபைலே திறக்கவில்லை, சில ஃபைல் அடுத்தவர் பெயரில் தெரிகிறது என்கிறீர்கள். சர்வரைக் குடைய வேண்டாம். என்எஃப்எஸ் (சர்வரில் இருக்கும் ஃபைல்களை மற்ற கணினிகளோடு பகிரும் முறை) வழக்கமான அமைப்பில் பெயரைப் பார்ப்பதில்லை, யூசர் எண்ணைத்தான் பார்க்கும். உபுண்டு முதல் யூசருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று உருவாக்கிய வரிசையில் எண் கொடுக்கும். புது மெஷினில் அந்த வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். 'ஐடி' கமாண்டுடன் ஒரே மாணவரின் பெயரைப் பழைய மெஷின், புது மெஷின் இரண்டிலும் கொடுத்துப் பாருங்கள், எண் வேறாக வரும்.

திருத்த, புது மெஷினில் யூசர் எண்ணை மாற்றும் 'யூசர்மாட் -யூ' கமாண்ட் போதும்; பழைய மெஷினில் உள்ள எண்ணையே கொடுங்கள். அதற்கு முன் ஹோமை (மாணவர் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) அன்மவுண்ட் செய்து, சர்வரிலிருந்து இணைப்பை எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் சர்வரில் இருக்கும் ஃபைல்களின் உரிமையையும் அது மாற்றப் பார்க்கும். அந்த எண் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தால், முதலில் அவரை 5000-க்கு மேல் தள்ளி வையுங்கள். குரூப் எண்ணுக்கு 'குரூப்மாட் -ஜி'. 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். ஒருவர் ரெக்கார்டை இன்னொருவர் அழித்துவிட்டு, பஞ்சாயத்து உங்களிடம்தான் வரும்.

அடுத்த அட்மிஷனுக்குள் எல்டாப் (யூசர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்து எல்லா மெஷினுக்கும் தரும் முறை) வைத்துவிடுங்கள். அப்புறம் யூசரை ஒரே இடத்தில் உருவாக்கினால் எல்லா மெஷினுக்கும் அதே எண்தான்.