லினக்ஸ் கேள்வி–பதில்: பாதியில் நின்ற பேக்கேஜும் பின்தங்கிய கடிகாரமும்

லினக்ஸில் சாஃப்ட்வேர் ஏற்றும்போது வரும் தகராறுகளை எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்துதான் அதிகம் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் பெரும்பாலும் உபுண்டு வைத்திருக்கிறார்கள். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். ஆப்ட் என்றால் ஏ-பி-டி, டிபிகேஜி என்றால் டி-பி-கே-ஜி. இரண்டும் பேக்கேஜ்களை, அதாவது சாஃப்ட்வேர் பொட்டலங்களை, ஏற்றும் கட்டளைகள். முன்னால் வரும் சூடோ, எஸ்-யூ-டி-ஓ, நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது.

அண்ணே, எங்கள் ரைஸ்மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் தாங்கவில்லை. அதிலிருந்து எதை இன்ஸ்டால் செய்தாலும் 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்கிறது. சர்வீஸ் பையன் ஃபார்மேட் அடித்துவிடலாம் என்கிறான். திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— மில் கணக்கர், புதுவயல்

ஃபார்மேட் வேண்டாம். அந்த எர்ரரை முழுக்கப் படித்தால் மருந்தும் அதிலேயே எழுதியிருக்கும்: சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. இதை அடியுங்கள்.

ஒரு பேக்கேஜ் மெஷினுக்குள் வருவது இரண்டு கட்டமாக. முதலில் கோப்புகளை அவிழ்த்து அதனதன் இடத்தில் போடும். அப்புறம்தான் கான்ஃபிகர், அதாவது உள்ளே போட்டதை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டிபிகேஜி ஒரு ஸ்டேட்டஸ் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். உங்கள் மில்லில் கரண்ட் போனபோது சில பேக்கேஜ்கள் அவிழ்த்த நிலையிலேயே நின்றுவிட்டன. 'டிபிகேஜி --ஆடிட்' என்று அடித்தால் அரைகுறையாக நிற்பவை எவை என்று பட்டியல் போட்டுக் காட்டும். மேலே சொன்ன கட்டளை அவற்றை விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும். அதன் பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' ஒருமுறை ஓட்டுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

உங்களுக்குத் தீராது என்று நினைக்கிறேன். காரணம் நீங்கள் அனுப்பிய படம். கடைசி வரியை, 'ரிட்டர்ண்ட் அன் எர்ரர் கோட் 1' என்பதை, நடுவில் வைத்துப் படமெடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அந்த வரி வெறும் புலம்பல். என்ன கோளாறு வந்தாலும் அதே வரிதான் கடைசியில் வரும். விஷயம் அதற்கு மேலே இருக்கும். 'எர்ரர் பிராசஸிங் பேக்கேஜ்' என்று ஒரு பேக்கேஜின் பெயர் வரும், அதையொட்டிய வரிகளில் காரணம் இருக்கும். உங்கள் படத்தின் மேல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று தெரிகிறது. அதுதான் ஆசாமி.

'டிஎஃப் -எச்' அடித்துப் பாருங்கள். 'பூட்' என்ற சின்னப் பார்ட்டிஷன் நூறு சதவீதம் காட்டும். அப்டேட்டுகளில் வந்த பழைய கெர்னல்கள், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள், அங்கே அடைந்து கிடக்கின்றன, புதியதற்கு இடமில்லை. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' அவற்றைக் கழித்துவிடும். ஆப்ட் அதற்கும் மறுத்தால், முதலில் 'யூநேம் -ஆர்' அடித்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதைத் தொடவே கூடாது. அதைவிடப் பழையதாக ஒன்றைத் தேர்ந்து, அதன் லினக்ஸ்-இமேஜையும் மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராவையும் சேர்த்தே 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' போட்டு நீக்குங்கள். இடம் கிடைத்ததும் முதல் கட்டளைக்குத் திரும்புங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று முதல் நாளே பேப்பரில் போடுகிறார்கள். அன்றைக்கு அப்டேட் பட்டனைத் தொடுவானேன்?

காலையில் மெஷினைப் போட்டவுடன் எதையாவது ஏற்றப் பார்த்தால் 'குட் நாட் கெட் லாக்' என்று நிற்கிறது. அந்த லாக் கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
— தங்கும் விடுதி வரவேற்பாளர், கானாடுகாத்தான்

செய்யக் கூடாது. காலையில் போட்டவுடன் உபுண்டு தானாகவே பாதுகாப்பு அப்டேட்டுகளை ஏற்ற ஆரம்பிக்கும். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்று அந்த வேலைக்குப் பெயர். உங்கள் எர்ரரிலேயே ஒரு பிராசஸ் எண்ணும் அந்தப் பெயரின் முதல் பாதியும் இருக்கும், பாருங்கள். டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

இன்னொன்று. பூட்டு என்பது அந்தக் கோப்பு இல்லை. கோப்பு எப்போதும் அங்கேயே இருக்கும். ஓடும் புரோகிராம் கெர்னலிடம் சொல்லி அதன் மேல் பிடி போட்டுவைக்கிறது, புரோகிராம் செத்தால் பிடி தானாக விடும். ஆகவே வேலை ஓடாதபோது கோப்பை அழிப்பது வீண். ஓடும்போது அழித்தால், ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் பற்று எழுதிய கதையாகிவிடும். நெடுநேரமாகியும் அசையவில்லை என்றால் முறையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் புதுவயல்காரருக்குச் சொன்ன முதல் கட்டளை.

எங்கள் அப்பச்சி சேர்த்துவைத்த பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற ஆசை. பேரன் டெசராக்ட் நிறுவிக் கொடுத்தான். தமிழுக்காக 'டெசராக்ட்-ஓசிஆர்-தமிழ்' கேட்டால் 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்கிறது. தமிழ் இல்லையா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

இருக்கிறது ஆச்சி. பெயர்தான் வேறு. மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறி வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு டி-ஏ-எம். ஆகவே கடைசியில் தமிழ் என்று முழுசாக எழுதாமல் அந்த மூன்று எழுத்தோடு நிறுத்துங்கள். பெயர் சந்தேகமாக இருந்தால் ஊகிக்க வேண்டாம். 'ஆப்ட் சர்ச் டெசராக்ட்' என்று அடித்தால் உள்ள எல்லா மொழியும் வரிசையாக வரும். சரியான பெயரைக் கொடுத்தும் காணோம் என்றால், 'சூடோ ஆப்ட் அப்டேட்' ஓட்டிப் பட்டியலைப் புதுப்பியுங்கள். யூனிவர்ஸ் என்ற களஞ்சியம் திறந்திருக்கிறதா என்றும் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும்போதும் '-எல்' போட்டு அதே மூன்று எழுத்தைக் கொடுக்க வேண்டும். மறந்தால் தமிழை ஆங்கிலமாகப் படித்து ஏதோ கிறுக்கித் தரும். ஸ்கேன் 300 டிபிஐ-க்குக் குறைய வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால், துதிக்கை வைத்த பழைய லை, ணை, அப்புறம் பழைய றா, னா எல்லாவற்றிலும் தடுமாறும். கையால் திருத்தும் வேலை கொஞ்சம் மிச்சமிருக்கும். கையெழுத்து ஏடுகளை இதில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய டெஸ்க்டாப். தினமும் காலையில் அப்டேட் செய்தால் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று வந்து, இன்னும் 13 மணி நேரத்துக்குச் செல்லாது என்கிறது. மத்தியானம் அதே கட்டளை ஓடுகிறது. பேய் ஏதாவது இருக்கிறதா?
— ஜெராக்ஸ் கடைக்காரர், கோட்டையூர்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். பேய் இல்லை, பேட்டரி. சாயங்காலம் கடையடைக்கும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறீர்கள், சரியா?

மதர்போர்டில் ஐம்பது பைசா காசைப் போல வட்டமாக ஒரு செல் இருக்கும். சிஆர் 2032 என்று மேலேயே பொறித்திருப்பார்கள். கரண்ட் இல்லாதபோது மெஷினின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டது. காலையில் மெஷின் எழும்போது கடிகாரம் எங்கோ பல வருடம் பின்னால் கிடக்கும். உபுண்டு கொஞ்சம் சாமர்த்தியம் பண்ணும். கடைசியாகத் தனக்குத் தெரிந்த நேரத்தைக் குறித்துவைத்திருக்கும், அதிலிருந்து ஆரம்பிக்கும். அதாவது காலை ஒன்பது மணிக்கு உங்கள் மெஷின் இன்னும் நேற்று சாயங்காலம் ஆறு மணி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. உபுண்டு சர்வரில் இருக்கும் ரிலீஸ் கோப்போ இன்று காலை ஏழு மணி வாக்கில் தேதியிட்டது. நாளைய தேதி போட்ட செக்கை பேங்கில் வாங்குவார்களா? ஆப்டும் வாங்காது. அந்த 13 மணி நேரக் கணக்கு இப்படி வந்ததுதான்.

இன்டர்நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. மத்தியானம் அது சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் ஓடுகிறது. 'டைம்டேட்சிடிஎல்' என்று மட்டும் அடித்து, கடிகாரம் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ'. அது தற்காலிகம். செல்லை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது தானாக எகிறும். எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி புதியதைப் போட்டு, பயாஸில், அதாவது மெஷின் எழும்போது திறக்கும் செட்டிங் திரையில், தேதியைச் சரிசெய்யுங்கள்.

உபுண்டு 23.10 போட்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் '404 நாட் ஃபவுண்ட்'.
— பள்ளத்தூர் வாசகர்

அதன் ஆயுள் ஒன்பதே மாதம், 2024 ஜூலையோடு முடிந்தது. அதன் பேக்கேஜ்களை ஓல்ட்-ரிலீசஸ் என்ற சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். சோர்சஸ்-லிஸ்ட் கோப்பில் ஆர்க்கைவ், செக்யூரிட்டி என்று வரும் முகவரிகளை அந்தப் பெயருக்குத் திருத்தி, அப்டேட் செய்து, 24.04-க்குப் போய்விடுங்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று போட்டதையே எடுங்கள், ஐந்து வருடம் நிம்மதி. முதலில் பேக்கப்.

ரௌட்டர் முகப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டர் வீட்டின் உள்ளே மூன்றாம் கட்டில். பெரிய பேக்கேஜ் என்றால் 'ஃபெயில்ட் டு ஃபெட்ச்'.
— ஆத்தங்குடி வாசகர்

உங்கள் ஊர் வீட்டின் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை வந்தால்தான் ஆச்சரியம். லேப்டாப் என்றால் முகப்புக்கே எடுத்துப் போய், இன்ஸ்டால் கட்டளையோடு '--டவுன்லோட்-ஒன்லி' சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் கட்டில் உட்கார்ந்து அதே கட்டளையை அந்தச் சேர்க்கை இல்லாமல் அடித்தால் நெட் இல்லாமலே ஏறும். டெஸ்க்டாப் என்றால் கேபிள் இழுப்பதுதான் வழி. பாதியில் அறுந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆப்ட் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

சார், காலேஜ் லேபில் உபுண்டு 22.04. பைத்தான் லைப்ரரி ஏற்றும் பிப் இன்ஸ்டால் அங்கே ஓடுகிறது. என் லேப்டாப்பில் 24.04. 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று திட்டுகிறது. நண்பன் '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' போடு என்கிறான். போடலாமா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

சிஸ்டத்தை உடை என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது தம்பி, இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

உபுண்டுவில் 23.04-லிருந்தும், டெபியனில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்தும் இந்தத் தடை இருக்கிறது. காரணம் நியாயமானது. கானாடுகாத்தான் பதிலில் சொன்ன அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் உட்பட உபுண்டுவின் சொந்த வேலைகள் பலவும் பைத்தானில் எழுதியவை. நீங்கள் பிப் வழியாக ஒரு லைப்ரரியை மாற்றி வைத்தால், அதே லைப்ரரியை நம்பி ஓடும் அந்த வேலை நின்றுபோகலாம்.

நம்பை மாதிரி எல்லோருக்கும் வேண்டியதென்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-நம்பை' போதும். ஆப்டில் இல்லாததற்கு வென்வ், அதாவது வி-இ-என்-வி. சிஸ்டம் பைத்தானைத் தொடாமல் லைப்ரரிகளைத் தனி ஃபோல்டரில் வைக்கும் ஏற்பாடு அது. 'பைத்தான்3 -எம் வென்வ் பாடம்' என்று அடித்தால் பாடம் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். அங்கேயே எர்ரர் வந்தால் 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜ் இல்லை என்று பொருள், ஆப்ட் வழியாக ஏற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். பிறகு 'சோர்ஸ் பாடம்/பின்/ஆக்டிவேட்'. டெர்மினலில் வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஃபோல்டரின் பெயர் தெரிந்தால் உள்ளே இருக்கிறீர்கள். இனி பிப் தாராளமாக ஓடும். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஆக்டிவேட் வரியை மறுபடி அடிக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் மறப்பது அதைத்தான். செமஸ்டர் முடிந்ததும் ஃபோல்டரை அழித்துவிடுங்கள், சிஸ்டம் பைத்தானில் எதுவும் ஒட்டியிருக்காது.