புல் சேகரிக்கும் பிள்ளைக்கு எதற்கு ஏஐ சீட்?

சென்ற வாரம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அம்மா, அப்பா, பிளஸ் டூ முடித்த பையன், கூடவே தாய்மாமன். பையனுக்கு ஆட்டிசம். "இந்த மாதிரிப் பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல புலியா இருப்பாங்களாமே சார். ஏஐ-ல சேர்த்துட்டா பிழைச்சுக்குவான்" என்றார் மாமா. மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசி முடித்துவிட்டாராம். அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையனை வாசலுக்கு அழைத்துப் போனேன். சுவரோரம் முளைத்திருந்ததைக் காட்டி, "இது கோரைப்புல்தானே?" என்றேன். "கோரை புல் இல்ல. தண்டை உருட்டிப் பாருங்க, மூணு பட்டை இருக்கும். புல்லுன்னா உருண்டையா இருக்கும், கணு இருக்கும்" என்றான். உருட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட புற்களை அழுத்தி வைத்திருக்கிறான். லேப்டாப்பில் இருப்பதும் புல் படங்கள்தான். மாமா அதைக் 'குப்பை' என்கிறார்.

அந்தப் பெற்றோருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆட்டிசம் என்றால் கணக்கு, கம்ப்யூட்டர், ரயில் அட்டவணை என்று ஒரு படம் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. கணக்கில் புலியான ஓர் ஆட்டிச மனிதரைக் காட்டிய, 1988-இல் வந்த 'ரெயின் மேன்' என்ற ஹாலிவுட் படத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதற்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு இருந்தது ஆட்டிசம் இல்லை, வேறொரு மரபணுக் கோளாறு என்றே பின்னால் கருதப்பட்டது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் எழுதிய ஆட்டிசக் கட்டுரையில் முதல் குழந்தையாக வருபவர் அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். அவருடைய கணக்குத் திறமையை ஊரே பேசியது. அவர் உள்ளூர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், ஆசையாக கோல்ஃப் விளையாடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். கோல்ஃபையும் பயணத்தையும் யாரும் 'ஆட்டிசப் பொழுதுபோக்கு' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். நாய்க்குட்டி, கதைப் புத்தகம், பிடித்த பாடகர் என்று அவர்கள் ஆர்வம் எல்லாப் பிள்ளைகளையும் போலவே தெரிவதால், ஆட்டிசம் இருப்பதே பல வருடம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

இந்தப் பையனுக்கு நான் சொன்னது பி.எஸ்சி. தாவரவியல், அதிலும் தாவர வகைப்பாடு. ஆட்டிசப் பிள்ளைகள் நுணுக்கமானவர்கள் என்ற நினைப்பில் இதைச் சொல்லவில்லை, அதுவும் அதே அச்சுதான். இவனுக்குப் புல் பிடிக்கிறது. பாட்டு பிடித்த பிள்ளையிடம் வேறு பேசியிருப்பேன்.

ஹெர்பேரியம் என்று ஒன்று உண்டு, உலர்த்திய செடிகளின் நூலகம். புல்லை வேரோடு, கதிரோடு எடுக்க வேண்டும். கதிர் இல்லாவிட்டால் பல புற்களுக்குப் பெயர் சொல்லவே முடியாது. நீளமான புல்லை V அல்லது N எழுத்து வடிவில் மடித்து, தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் இறுக்கிக் கட்ட வேண்டும். தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்த பின் சுமார் 42 × 28 செ.மீ. அட்டையில் ஒட்டி, இடம், தேதி, சேகரித்தவர் பெயர், எண் எல்லாம் எழுதுகிறார்கள். அப்புறம் சிறுகதிரை ஊசியால் பிரித்து லென்ஸில் பார்த்து இனத்தை முடிவு செய்கிறார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கே.எம். மேத்யூ என்ற பாதிரியார் 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தெற்கு மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. பையன் பரணில் செய்துகொண்டிருப்பது இந்த வேலையின் முதல் பாதி!

வேலை? நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, எம்.எஸ்சி. வரை போக வேண்டும். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்பவர்களுக்கு வந்த மூலிகை அசலா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். விதை ஆய்வகங்களிலும் வேலை இருக்கிறது. சான்று பெறும் நெல் விதையில் சுத்தம் 98 சதவீதமாவது, முளைப்புத்திறன் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். நெல்லோடு கலந்த களை விதையைப் பிரித்து அடையாளம் காண்பது அங்கே அன்றாட வேலை. களையில் புல் வகைகளும் உண்டுதானே?

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாமா சொன்ன தொகையில், அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருடமும் படித்து முடித்தாலும் மிச்சம் இருக்கும். பிள்ளை ஒரு வார்த்தைகூடக் கேட்காத படிப்புக்காக அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால், அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம்.

ஆகவே முதலில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரியில் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஆசிரியர் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போகிறாரா, கூட்டமும் சத்தமும் தாங்காத பையனுக்கு ஒதுங்கி உட்கார ஓர் இடம் தருவார்களா என்று விசாரியுங்கள். அதற்கும் முன்னால், மாமா முன்பணம் கட்டச் சொன்ன தேதி வருவதற்குள், பரணில் இருக்கும் புல் சேகரிப்பை எடுத்துக்கொண்டு பையனோடு ஒரு நாள் திருச்சிக்குப் போய்வாருங்கள்.