கறுப்பு அலகும் கபிலத் தலையும்

அண்ணா, உப்பாற்றுச் சேற்றில் கறுப்பு அலகுள்ள கடற்காகம் ஒன்றைக் கண்டேன். நியூசிலாந்தில் அருகிவரும் கறுப்பு அலகுக் கடற்காகத்தின் படத்தோடு அலகு அப்படியே பொருந்துகிறது. அதுதானே? கமரா எது வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.
உப்புவெளி வாசகர்

அன்புள்ள தம்பி,

இல்லை. அது நியூசிலாந்தை விட்டுப் போகாத பறவை. நீங்கள் கண்டது ஆலாவாக இருக்கும். பருத்த கறுப்பு அலகும் கறுப்புக் காலுமாக, சேற்றுக்கு மேலே தாழப் பறந்து பூச்சியும் நண்டும் பிடிக்கும் ஆலா ஒன்று இங்கே உண்டு. கமராவை விடுங்கள்.

நீங்கள் கேட்ட பறவை, கிளை கிளையாகப் பிரிந்தோடும் ஆறுகளின் பரல்கல் திட்டுகளில் கூட்டமாக முட்டையிடும். ஒரு வெள்ளம் வந்தால் அந்தத் திட்டின் அந்த வருடக் குஞ்சுகள் அத்தனையும் போய்விடலாம். 2016 இல் அந்த நாடு அதை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் மிக மோசமான நிலைப் பட்டியலில் வைத்தது. 2019 இல் கிறைஸ்ட்சேர்ச் நகரில், நிலநடுக்கத்தில் சேதமாகி இடிக்கப்பட்ட கட்டடமொன்றின் அத்திவாரத்தில் இவை கூடு கட்டின. இடிந்த வீடுகளுக்கிடையே வளர்ந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்து நெஞ்சடைத்துவிட்டது.

ஆனால் 'அலகு பொருந்துகிறது' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். அலகின் நிறம் மட்டும் போதுமா? அந்த நாட்டிலேயே சிவப்பு அலகு இனத்தின் இளம் பறவைக்கு அலகு கறுத்திருக்கும். கறுப்பு அலகு இனத்தின் இளசுக்கோ வெளிறிய இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. நிறத்தை நம்பினால் ஒன்றை மற்றதாக்கிவிடுவீர்கள். முதலில் வயதைப் பாருங்கள், அப்புறம் மாதம், நிறமெல்லாம் அதற்குப் பிறகு.

நிலாவெளியில் அப்பா கரைவலை இழுத்தவர். மாரியில் வரும் கடற்காகங்களுக்கு வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு. பங்குனியில் வலை மடியைச் சுற்றிக் கத்துபவற்றுக்குத் தலை முழுக்கக் கபிலம். வெள்ளைத்தலை போய் வேறு சாதி வந்துவிட்டது என்பார் அப்பா. நானும் அப்படியே நம்பினேன். ஒருமுறை மாசிக் கடைசியில், சிறகில் தங்கூசி நூல் சுற்றிய ஒன்றைப் பிடித்தேன். வெள்ளைத் தலையில் அங்கங்கே கபில இறகு முளைத்து, கறையான் தின்ற பாய் போல இருந்தது. வெளிர்க் கண்ணால் முறைத்தது. அப்பா நூலை வெட்டிவிட்டு, அதன் தலையை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் இதுதானோ வந்தது?" என்றார்.