தனுஷ்கோடி: ஓர் இரவின் கதை மட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனுஷ்கோடி என்றாலே 1964 புயலைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் இயற்கைச் சீற்றத்துக்கு ஆளானதில்லையா? ஒரே புயலில் ஊர் அழியும் அளவுக்குக் கடல் ஏறி வந்தது எப்படி? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஆளாகியிருக்கிறது. 1948, 1949 ஆண்டுகளில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதியில் நிலம் ஏறத்தாழ 5 மீட்டர் தாழ்ந்து, அரை கிலோமீட்டர் அகலமும் 7 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு, வீடுகளோடும் வழிபாட்டிடங்களோடும் கடலுக்குள் போனதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு கூறுகிறது. ஏற்கெனவே ஒரு பக்கத்தை இழந்து நின்ற ஊரைத்தான் 1964 புயல் தாக்கியது. தனுஷ்கோடியைப் பற்றி ஆண்டுதோறும் டிசம்பரில் வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இதைத் தொடுவதே இல்லை.

அந்தப் புயலின் பிறப்பே வழக்கத்துக்கு மாறானது. டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே அது உருவானது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை குறைந்துவிடுவதால், அவ்வளவு தெற்கே புயல் கருக்கொள்வது அபூர்வம். 19ஆம் தேதி தீவிரப் புயலாகி, 21-க்குப் பிறகு நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கே நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்று மதிப்பிடப்பட்டது.

கடல் ஏறியதற்கு இந்த வேகம் பாதிக் காரணம்தான். மறுபாதி அந்த இடத்தின் அமைப்பு. ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு மூலையில், இரு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை மீனவர்கள் ஆண்கடல் என்றும், வடக்கே அடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடலின் ஆழம் பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. புயலின் நடுவே காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் உயரும் என்பதால், அழுத்தக் குறைவு மட்டும் ஓர் ஊரை மூழ்கடிக்காது. காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர்தான் ஊரை அழிக்கிறது. ஆழ்கடலில் அந்த நீர் அடியில் இறங்கித் திரும்பிப் போக இடமுண்டு, ஆழமில்லாத கடலில் அதற்கு வழியில்லாமல் கரையை நோக்கிக் குவிகிறது. நம் அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மேற்கு நோக்கி வரும் புயலின் முன்புறத்தில் வாடைக்காற்று வீசும். புயல் கடந்ததும் தென்காற்றாக மாறும். முதலில் பெண்கடல், பிறகு ஆண்கடல் என்று இரு பக்கத்திலிருந்தும் நீரைத் தள்ள ஒரு புயலே போதும். அன்றிரவு எழுந்த அலைகள் 7 மீட்டர் உயரம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. தப்பி ஏறி நிற்க அங்கே மேடு ஏது?

அதன்பின் அரசு அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. ஆயினும் கடலை நம்பிய மீனவக் குடும்பங்கள் சில குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டினால் ஊறும் நன்னீர்தான் அவர்களுக்கு நெடுங்காலமாகக் குடிநீர். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை அருகில் போய்ப் பார்த்தால், அடுக்கியிருப்பவை பவளப்பாறைக் கற்கள் என்பது அவற்றின் நுண்ணிய துளைகளிலிருந்தே தெரியும். கட்டடம் எழுப்பவும் கடலிடமே கல் வாங்கிய ஊர் அது.

1978 நவம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையைச் சிதைத்த புயல், தனுஷ்கோடி அடங்கிய ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையைத் தாக்கியது. 2004 சுனாமியின்போது தனுஷ்கோடியில் கடல் உள்வாங்கி மூழ்கிய பகுதிகள் சிறிது நேரம் வெளியே தெரிந்தன. எனினும் இலங்கை குறுக்கே நின்றதால், 6,000 பேருக்கு மேல் பலிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தைப் போன்ற அழிவு இங்கே நேரவில்லை.

கேள்வி: 1964 புயலிரவில் கடல் அடித்துச் சென்ற ரயில் போட் மெயில்தானே? மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. போட் மெயில் சென்னை எழும்பூரிலிருந்து வந்து, தலைமன்னார் செல்லும் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுசேர்த்த ரயில். அலையில் சிக்கியது பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர். அதில் இறந்ததாகக் கணக்கில் உள்ளவர்கள் 110 பயணிகளும் 5 ஊழியர்களும். பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

மொத்த உயிரிழப்பு 1,800 என்பதே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ரயிலின் கணக்கு ஒற்றை எண் வரை இருக்க, ஊரின் கணக்கு நூறுகளில் உருட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பயணச்சீட்டும் சம்பளப் பட்டியலும் இருந்தவர்களை எண்ண முடிந்தது. கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. சிற்றூர்களின் பேரிடர் வரலாற்றில் இந்தக் குறை எங்கும் காணக்கிடைப்பதுதான்.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126-இன் இரும்பு உத்திரங்களை அந்தப் புயல் அடித்துச் சென்றது. சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றும் பிறகு மூன்று மாதம் என்றும் கெடு வைத்தார்கள். இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்கான தண்டவாளம் மட்டும் திரும்பப் போடப்படவில்லை. தார்ச்சாலையே 2017-இல்தான் மணல் திட்டின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை போய்ச் சேர்ந்தது.

கேள்வி: அப்படிப்பட்ட புயல் மீண்டும் அதே வழியில் வருமா? பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டு எண்களுக்கு என்ன பொருள்? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வரலாம், வந்தும் இருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து பாம்பனை நெருங்கியது. நல்லவேளையாக வலுவிழந்து மன்னார் வளைகுடாவிலேயே தங்கி மழையாகக் கரைந்தது. 1964-இல் இல்லாத வசதிகள் இப்போது உள்ளன. புயலைக் கண்டறியும் முதல் ராடாரே இந்தியாவில் 1970-இல்தான், விசாகப்பட்டினத்தில் அமைந்தது.

கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை. எண் 1, தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதைக் கப்பல்களுக்கு அறிவிப்பது. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அதிலும் 10 என்றால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். அதற்கும் மேலான 11, புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது என்பதைக் குறிக்கும். அந்நிலையில் துறைமுக அதிகாரி தம் கண்முன் தெரியும் வானிலையை வைத்தே முடிவெடுப்பார்.